எடல்வைஸ் மூண்டாம் தரமும் செத்துப்போச்சு, ஆராவது உண்மையா வளர்க்கிறீங்களோ?

தூன்_பால்கனி | மார்ச் 6, இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது சுவிஸில தூன், மூண்டாம் மாடி, தெற்குப் பக்க பால்கனி. கறிவேப்பிலை 11 வருசமா வச்சிருக்கிறன், ஒக்டோபரில உள்ளுக்க எடுத்து மே கடைசியில வெளிய வைப்பன், இந்த முறை சாடிக்குள்ள 4 குட்டிக் கண்டு வேற வந்திருக்கு. மிளகாய், கத்தரி, போன வருசம் பாவக்காய் கூடக் காய்ச்சது. அதால எனக்குக் கைராசி இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. ஆனா இந்த எடல்வைஸ் எண்ட வெள்ளை மலைப்பூ மட்டும் என்னோட கோவம் போல.

முதல் தரம் சுவிஸ் தேசிய நாள் ஆகஸ்ட் 1க்கு முதல் கிழமை கடையில சின்னச் சாடியில வித்தாங்கள், மகள் ஆசைப்பட்டாள் எண்டு வேண்டினன். வீட்ட கொண்டுவந்து பெரிய சாடிக்கு மாத்தி நல்ல பூமண் போட்டு தக்காளிக்கு விடுற பசளையும் கிழமைக்கு ஒருக்கா விட்டன். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து பச்சையாப் போய் பூவெல்லாம் சரிஞ்சு விழுந்திட்டுது. குளிர் தொடங்கினதும் பாவம் எண்டு கறிவேப்பிலைக்குப் பக்கத்தில ஹீட்டரடியில வச்சன், ஜனவரியில முடிஞ்சுது. ரெண்டாம் தரம் வெளியிலயே விட்டன், ஆனா பிளாஸ்டிக் பையால மூடிக் கட்டி, பெப்ரவரியில திறந்து பாத்தா நடுக்குருத்து அழுகி மணக்குது. மூண்டாம் தரம் விதை வேண்டி, மண்ணுக்குள்ள ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில போட்டுப் பாத்துக்கொண்டே இருந்தன், ஒண்டுமே முளைக்கேல்லை.

இது இந்த நாட்டுப் பூ தானே, மலையில ஒருத்தரும் தண்ணி விடாமல் வளருது, என்ர வீட்ட ஏன் வளருதில்லை?

---

சும்மா_வாசகன் | மார்ச் 6, இரவு 10.31

மலையில ஒருத்தரும் தண்ணி விடாததால தான் அக்கா வளருது 😀

---

மிளகாய்த்தோட்டம் | மார்ச் 6, இரவு 11.05

அக்கா நான் எடல்வைஸ் வச்சதில்லை ஆனா எந்தப் பூக்கண்டுக்கும் ஆட்டெரு போட்டால் பிடிக்கும், எங்கட தோட்டத்துண்டுக்குப் பக்கத்தில ஒரு விவசாயி சும்மாவே தாறார், முட்டைக்கோதும் நொறுக்கிப் போடுங்கோ.

---

கல்லுமணல் | மார்ச் 7, காலை 6.48

தங்கச்சி, எருவைப் போட்டிடாதேங்கோ, நாலாம் தரமும் சாகும். மிளகாய்க்கு அது சரி, தம்பி குறை நினைக்காதேங்கோ.

முதல்ல எனக்கு ரெண்டு மூண்டு விசயம் சொல்லுங்கோ. சாடிக்குக் கீழ தட்டு வச்சனீங்களோ? உங்கட பால்கனிக்கு மேல கூரை இருக்கோ, அதாவது மேல் வீட்டு பால்கனி உங்களுக்கு மழையை மறிக்குதோ? மற்றது, ஜனவரியில "முடிஞ்சுது" எண்டு எப்பிடித் தெரியும், வேரைக் கிளறிப் பாத்தனீங்களோ இல்லாட்டி மேல காய்ஞ்சு போனதைப் பாத்திட்டு எறிஞ்சனீங்களோ?

கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நான் முந்தி பெர்னுக்குப் பக்கத்தில ஒரு கார்ட்னராயில, கண்டு வளர்த்து விக்கிற இடத்தில, 14 வருசம் வேலை செய்தனான், மலைப்பூக்கண்டுகளுக்கெண்டு தனியா ஒரு மூலை இருந்தது. மார்ச் மாசம் வந்தால் சனம் வந்து "உங்கட எடல்வைஸ் செத்துப்போச்சு" எண்டு சாடியோட நிக்கும். அதில அரைவாசி சாகேல்லை.

---

தூன்_பால்கனி | மார்ச் 7, மதியம் 12.20

ஓம் அண்ணை தட்டு வச்சனான், இல்லாட்டி தண்ணி கீழ் வீட்டுக்குப் போய் கட்டிடத்தைப் பாக்கிற ஹவுஸ்வார்ட் வந்து கதவைத் தட்டுவார். கூரை இருக்கு, மழை அவ்வளவா வராது. கிளறிப் பாக்கேல்லை, மேல எல்லாம் சாம்பல் நிறமாக் காய்ஞ்சு பழைய துணி மாதிரிக் கிடந்தது, எறிஞ்சிட்டன். இப்ப வயித்தைக் கலக்குது.

---

கல்லுமணல் | மார்ச் 7, இரவு 9.15

சரி, அப்ப ஆறுதலா எழுதுறன், நீளமாப் போனால் மன்னிக்கோணும்.

இந்தப் பூ இருக்கிற இடத்தை முதல்ல மனசில வையுங்கோ. 1800 மீட்டரில இருந்து 3000 மீட்டர் வரை, சுண்ணாம்புக்கல் மலை, கல்லும் புல்லும் கலந்த சரிவு, சில இடத்தில பாறை வெடிப்பு. மழை பெய்தால் தண்ணி நிக்காது, நிக்கிறதுக்கு இடமே இல்லை, வேரை நனைச்சிட்டு அப்பிடியே ஓடிப்போயிடும். மண் எண்டு சொல்லக்கூடியது ஒரு பிடி. வெயிலெண்டால் கண் கூசுற வெயில். குளிர் காலத்தில மேல பனி மூடியிருக்கும், நாங்கள் நினைக்கிறது அது குளிரில விறைச்சுப்போய் இருக்கெண்டு, ஆனா அந்தப் பனிக்குக் கீழ அது காய்ஞ்சு போய்ப் படுத்திருக்கு, பனி ஒரு போர்வை மாதிரி, ஈரமும் பெரிசா இல்லை குளிரும் ஏறி இறங்காது. மைனஸ் 20 எல்லாம் அதுக்கு ஒரு கணக்கே இல்லை.

இப்ப கீழ எங்கட பக்கத்துக் குளிரைப் பாருங்கோ. நவம்பரில இருந்து மார்ச் வரை 3 பாகை, மழை, மழையோட பனி, ராவில உறையும் பகலில இளகும், மண் ஊறின பாண் மாதிரி இருக்கும். எடல்வைஸைக் கொல்லுறது அந்த ஈரம் தான். குளிரில செத்த எடல்வைஸ் ஒண்டு நான் இன்னும் காணேல்லை. நீங்கள் பிளாஸ்டிக்கால கட்டினது அந்த ஈரத்தை உள்ளுக்க வச்சுக் கட்டினது, அதால தான் அழுகினது. முதல் கண்டை ஹீட்டரடியில வச்சது வேற விதமான பிழை. அதுக்குக் குளிர்கால நித்திரை வேணும், 21 பாகை வீட்டுக்குள்ள வெளிச்சமும் இல்லாமல் நித்திரையும் இல்லாமல் வச்சால் இளைச்சுப் போயிடும். சுருக்கமாச் சொன்னால் உங்கட கறிவேப்பிலைக்கு நேர் எதிர். அதை உள்ளுக்க எடுக்கிற அண்டைக்கு இதை வெளியில விடுங்கோ.

மண்: கடையில விக்கிற பூமண் பையைத் தொடாதேங்கோ, அதில பசளை முதலே கலந்திருக்கும், தண்ணியையும் பிடிச்சு வச்சிருக்கும். நான் போடுறது சாதாரண தோட்டத்து மண் ஒரு பங்கு, கரடு மணல் ஒரு பங்கு, சுண்ணாம்புக்கல் ஸ்ப்ளிட், அதாவது உடைச்ச சின்னக் கல்லு, ரெண்டு பங்கு, அந்த 4 முதல் 8 மில்லிமீட்டர் அளவு, கட்டிடச் சாமான் கடையில பையா விக்கும். பிள்ளைகள் விளையாடுற மணல் வேண்டாம், அது மா மாதிரி இறுகிப்போயிடும். கலந்து முடிஞ்சதும் கையில ஒரு பிடி எடுத்து நனைச்சு இறுக்கிப் பொத்திப்போட்டு விரிச்சுப் பாருங்கோ. உருண்டையா நிண்டால் கல்லுக் காணாது, உதிர்ந்து விழுந்தால் சரி. சாடி மண்சாடியா இருக்கோணும், பிளாஸ்டிக் வேண்டாம். கண்டு வச்சதுக்குப் பிறகு கழுத்தைச் சுத்தி ரெண்டு விரல் உயரத்துக்கு வெறும் ஸ்ப்ளிட் போடுங்கோ, அப்பத்தான் இலை ஈரமண்ணில படாது.

பசளை வேண்டாம். அளவாவது கொஞ்சம் எண்டு கேப்பீங்கள், வேண்டாம். பசளை விட்டால் தான் நீங்கள் சொன்ன மாதிரி முழங்கால் உயரம் வரும், வெள்ளை போய்ப் பச்சையாகும். அந்த வெள்ளை மயிரெல்லாம் வெயிலுக்கும் வறட்சிக்கும் அது போடுற சட்டை, வசதியா இருந்தால் எதுக்குச் சட்டை போடப்போகுது?

தண்ணிக்கு ஒரு நல்ல செய்தி. எங்கட குழாய்த் தண்ணியில சுண்ணாம்பு கூட, கேத்திலுக்குள்ள பாத்திருப்பீங்கள். கறிவேப்பிலைக்கு அது கூடாது, இதுக்கு விருப்பம். மேல் மண் நல்லாக் காய்ஞ்ச பிறகு விடுங்கோ, தட்டை மட்டும் எடுத்திடுங்கோ.

---

தூன்_பால்கனி | மார்ச் 7, இரவு 9.52

அண்ணை தட்டை எடுத்தால் கீழ் வீடு??

---

கல்லுமணல் | மார்ச் 7, இரவு 10.03

சாடியை மூண்டு சின்னக் கல்லில தூக்கி வச்சு, தண்ணி விட்டு அரை மணித்தியாலம் தட்டை வச்சு வடிஞ்ச பிறகு தட்டை எடுத்து ஊத்துங்கோ. தட்டில தண்ணியோட ஒரு ராவும் விடக்கூடாது.

---

கோவைலருந்து | மார்ச் 8, காலை 9.40

அண்ணா அருமையா சொன்னீங்க. நான் சூரிச்ல வேலை பாக்கறேங்க, வந்து 3 வருஷம் ஆச்சு. போன ஜூலைல ஷினிகெ பிளாட்டெ மலைக்குப் போயிருந்தோம், வில்டர்ஸ்வில்லருந்து பல்சக்கர ரயில், 1893லருந்து ஓடுதாம், மெதுவா ஏறுது ஆனா என்ன ஒரு வியூ. மேல ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே மலைப்பூ தோட்டம் ஒண்ணு இருக்குங்க, 1929ல திறந்தது, கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரம். அங்கதான் எடல்வைஸ முதமுதல்ல நேர்ல பாத்தேன். உண்மைய சொல்லணும்னா ஏமாந்து போனேன், போஸ்டர்ல எல்லாம் தாமரை சைஸ்க்கு போட்டிருப்பாங்க, நேர்ல என் விரல் நீளம் கூட இல்ல. குனிஞ்சு பாத்தப்பறம்தான் அதோட அழகு தெரிஞ்சுது, பூனைக்குட்டி காது மாதிரி ஒரு மென்மை.

ஒரு டவுட்டு, அந்த வெள்ளையா இருக்கறது இதழ் இல்லைன்னு பக்கத்துல ஒருத்தர் சொல்லிட்டிருந்தார், அது நெசமாங்க?

---

கல்லுமணல் | மார்ச் 8, மாலை 5.30

நெசம் தான் தம்பி. அது சூரியகாந்திக் குடும்பம். நடுவில மஞ்சளா சின்னச் சின்ன உருண்டை அஞ்சு ஆறு இருக்கும் தானே, ஒவ்வொரு உருண்டையும் ஒரு கொத்து, பூ எண்டால் அதுக்குள்ள இருக்கிறது தான். சுத்தி இருக்கிற வெள்ளை, மயிர் மூடின இலை. எங்கட ஊர்ப் போகன்விலாவில நிறம் இருக்கிறது பூவில இல்லாமல் இலையில தானே, அதே கதை. அந்த மயிர் மலையில அடிக்கிற புற ஊதாக் கதிரை உள்ளுக்க விடாது, இலைத் தண்ணியும் ஆவியாகாமல் பாக்கும். கிட்டப் பாத்தால் தேனீயை விட இலையான் தான் கூட வந்து குந்தும், மகரந்தம் காவுறது பெரும்பாலும் இலையான் தான்.

இன்னொண்டும் சொல்லோணும், சனம் நம்பாது. இது ஆதியில அல்ப்ஸ் பூ இல்லை. ஆசியாவின்ர புல்வெளிப் பக்கம் இருந்து பனியுகத்தில இஞ்சால வந்தது. இதின்ர சொந்தக்காரர் கனபேர் இப்பவும் இமயமலையிலயும் சீனாவிலயும் தான் இருக்கினம். பேருக்கு அர்த்தம் சிங்கப் பாதம், லியோன்டொபோடியம். ஒஸ்திரியாவின்ர 2 சென்ட் காசில இருக்கிறதும் இது தான். வந்து குடியேறி நாட்டின்ர சின்னமாவே ஆகிட்டுது, எங்களுக்கு நீட்டுற படிவம் ஒண்டும் நிரப்பேல்லை 😀

---

சும்மா_வாசகன் | மார்ச் 8, மாலை 5.44

நிரந்தர வதிவிட பெர்மிட் சி கிடைக்க எத்தினை ஆயிரம் வருசம் எடுத்ததாம்?

---

ராவணன்_75 | மார்ச் 8, இரவு 8.10

நான் கேக்கிறன், ஏன் இவ்வளவு கரைச்சல்? மலைக்குப் போகேக்க ஒரு கண்டு வேரோட கிளப்பிக்கொண்டு வந்தால் முடிஞ்சுது தானே, அது மலையில வளர்ந்தது, பலமா இருக்கும். ஸ்பிளிட்டும் அங்கேயே இருக்கு, ஒரு பைக்குள்ள அள்ளலாம். இல்லாட்டி குளிருக்கு ரோட்டில தூவ ஓரத்தில வச்சிருக்கிற பெட்டிக்குள்ள சின்னக் கல்லு இருக்கே சும்மா.

---

வாலிஸ்_வண்டு | மார்ச் 8, இரவு 8.36

அண்ணை தயவுசெய்து செய்யாதேங்கோ. பல கன்டோனில, அதாவது சுவிஸ் மாநிலங்களில, பாதுகாக்கப்பட்ட பூ, பிடிச்சால் தண்டம். இண்டைக்கு நேத்து வந்த சட்டமும் இல்லை, 1878லயே ஒப்வால்டன் கன்டோனில எடல்வைஸைக் கிளப்பத் தடை போட்டிட்டினம். அந்தக் காலத்தில உல்லாசப் பயணியளுக்கு விக்கிறதுக்காகக் கட்டுக்கட்டாப் பிடுங்கி, சில இடங்களில இல்லாமலே போட்டுது, பறிக்கப் போய் மலையால விழுந்து செத்த ஆக்களும் இருக்கினம்.

சட்டத்தை விடுங்கோ, பிரயோசனமும் இல்லை. பாறைக்குள்ள போன வேர் அறுந்துபோன கண்டைக் கொண்டுவந்து தூனில 560 மீட்டரில வச்சால் ஒரு மாசம் நிக்காது. நாற்றில இருந்து கீழயே வளர்ந்தது தான் கீழ நிக்கும்.

ரோட்டுப் பெட்டியில இருக்கிறதில கனக்க உப்புக் கலந்தது. அதில எடல்வைஸ் நட்டீங்களெண்டால் கருவாடு தான்.

---

ராவணன்_75 | மார்ச் 8, இரவு 8.50

சரி சரி, பகிடிக்குச் சொன்னது.

---

தூன்_பால்கனி | மார்ச் 9, இரவு 9.05

நன்றி எல்லாருக்கும். நாலாம் தரம் விதையில இருந்து தொடங்குவம் எண்டு நினைக்கிறன், மகளும் சேர்ந்து செய்யலாம். விதைப் பக்கெற்றில ஃபிரிட்ஜில 6 கிழமை வைக்கச் சொல்லி இருக்கு. அப்பிடிச் செய்தால் ஏப்ரல் கடைசி ஆயிடுமே? என்ர போன தரப் பிழை அது தானோ, ஃபிரிட்ஜில வைக்காதது?

---

கிளாஸ்கோ_மழை | மார்ச் 9, இரவு 9.48

ஃபிரிட்ஜ் கட்டாயம். மலைப்பூ எல்லாத்துக்கும் குளிர் காட்டோணும், இல்லாட்டி முளைக்காது. நான் ஈரமான துடைக்கிற தாளில சுத்தி 6 கிழமை வச்சு எடுத்தனான், பத்து நாளில முளைச்சுது.

---

வாலிஸ்_வண்டு | மார்ச் 9, இரவு 10.20

மன்னிக்கோணும், எடல்வைஸுக்கு அது கட்டாயம் இல்லை. ஜென்ஷியன் எண்ட மலைப்பூவுக்குச் சரி, அது குளிர் காணாமல் அசையாது. எடல்வைஸ் நல்ல புது விதையா இருந்தால் சும்மா 15, 18 பாகையில ரெண்டு மூண்டு கிழமையில வரும். பழைய விதையெண்டால் ஃபிரிட்ஜில வைக்கிறது உதவி செய்யும், கெடுதல் இல்லை, ஆனா உங்கட பிழை அது இல்லை அக்கா. உங்கட பிழை ஒரு சென்டிமீட்டர்.

அந்த விதை தூசி மாதிரி. சீரகத்தோட வச்சுப் பாத்தால் சீரகம் யானை. அதுக்கு வெளிச்சம் பட்டால் தான் முளைக்கும், மண்ணால மூடினால் அங்கேயே கிடந்து முடிஞ்சுது. நான் இஞ்ச வாலிஸ் கன்டோனில மூண்டு சீசன் எடல்வைஸ் வயலில வேலை செய்தனான், ஓம் வயல் தான், ஹெல்வெற்சியா எண்டு ஒரு ரகம், கொந்தேயில இருக்கிற அக்ரோஸ்கோப் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கினது. மலையில பறிக்கேலாது தானே, கிறீமுக்கும் மற்ற அழகுசாதனச் சாமானுக்கும் தேவைப்படுறதை இப்பிடித்தான் பயிர் செய்யினம். கறுத்தத் துணி விரிச்சு வரிசையா, வெங்காயம் நட்ட மாதிரி இருக்கும். முதல் நாள் பாத்திட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, இவ்வளவு கதை கட்டின பூவை நாரி நோகக் குனிஞ்சு கத்தரிக்கோலால வெட்டிக் கூடைக்குள்ள போடுறம்.

வீட்டில செய்யிற விதம் சொல்லுறன். அகலமான தட்டை சாடி, அடியில ஓட்டை. அண்ணை சொன்ன கலவையைச் சல்லடையில போட்டுப் பெரிய கல்லை எடுத்திட்டு நிரப்புங்கோ. மேல மெல்லிசா மணல். சாடியை ஒரு பேசினுக்குள்ள தண்ணியில வச்சுக் கீழ இருந்து ஊறவிட்டு எடுங்கோ, மேல இருந்து ஊத்தினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடும். விதையை ஒரு கரண்டி காய்ஞ்ச மணலோட கலந்து, கோலம் போடுற மாதிரி ரெண்டு விரலால நுள்ளித் தூவுங்கோ. மூடாதேங்கோ. உள்ளங்கையால லேசா அமத்தினால் காணும். மேல ஒரு கண்ணாடித் துண்டு, ஒவ்வொரு நாளும் ஒருக்காத் திறந்து துடைச்சு விடுங்கோ. ஹீட்டருக்கு மேல வைக்காதேங்கோ, படிக்கட்டு யன்னல் மாதிரிக் கொஞ்சம் குளிரான வெளிச்சமான இடம் திறம்.

முளைச்சு நாலு அஞ்சு இலை வந்ததும் தனித்தனிச் சாடிக்கு. முதல் வருசம் பூவை எதிர்பாக்க வேண்டாம், ஒரு சாம்பல் நிறக் குடுமி மாதிரித் தான் இருக்கும்.

---

கிளாஸ்கோ_மழை | மார்ச் 9, இரவு 10.41

எனக்கு ஃபிரிட்ஜில வச்சுத்தான் வந்தது, நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன்.

---

கல்லுமணல் | மார்ச் 10, காலை 7.02

ரெண்டு பேரும் சரி. அரைவாசியை ஃபிரிட்ஜிலயும் அரைவாசியை நேராவும் போடுங்கோ தங்கச்சி, விதை ஒண்டும் தங்கமில்லை. விதை வேண்டேக்க ஒண்டு கவனியுங்கோ. கடையில எடல்வைஸ் எண்டு விக்கிற எல்லாம் அல்ப்ஸ் இனம் இல்லை, ஆசியா இனங்களும் கலப்பும் வருது, அதுகள் கீழ லேசா வளரும், பூ கூட வரும். பால்கனியில எது வச்சாலும் குற்றமில்லை. ஆனா உங்களுக்கு இந்த நாட்டுப் பூ தான் வேணுமெண்டால் லியோன்டொபோடியம் அல்பினும் எண்டு எழுதியிருக்கோணும், நிவாலே அல்பினும் எண்டும் போடுவினம், ரெண்டும் ஒண்டு தான். மிஞ்சின கண்டை மலைக்குப் போகேக்க கொண்டுபோய் நட்டு விடுற புண்ணியம் மட்டும் வேண்டாம், எங்கத்தைய விதையோ அங்க போய்க் கலக்கக்கூடாது.

---

கிளாஸ்கோ_மழை | மார்ச் 10, மாலை 6.15

கல்லுமணல் அண்ணை, எனக்கு ஒரு கேள்வி. எங்கட இடத்தில வருசம் முழுக்க மழை. நான் நிலத்தில கல்லுப் பாத்தி கட்டி வச்சிருக்கிறன், சம்மரில நல்லா நிக்குது, ரெண்டு குளிருக்கு மேல தாங்குதில்லை. என்ன செய்யலாம்?

---

கல்லுமணல் | மார்ச் 10, இரவு 8.40

குடை பிடியுங்கோ தம்பி, பகிடி இல்லை. ஒக்டோபர் கடைசியில நாலு செங்கல்லு வச்சு மேல ஒரு கண்ணாடியோ பிளெக்ஸிகிளாஸ் துண்டோ, கொஞ்சம் சரிவா, காத்துத் தூக்காமல் மேல ஒரு கல்லு. நாலு பக்கமும் திறந்து இருக்கோணும், காத்து ஓடோணும். மார்ச் கடைசியில எடுத்திடுங்கோ. மற்றது பாத்தி நிலமட்டத்தில இருந்தால் உயர்த்துங்கோ, ஒரு முழமாவது, இல்லாட்டி தெற்குச் சரிவில வையுங்கோ.

என்ன செய்தாலும் அது நூறு வருசம் வாழுற சாதி இல்லை. கீழ மூண்டு நாலு வருசத்தில நடுப்பகுதி வெறுமையாப் போகும். அதால ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா, ஏப்ரலில குருத்து வெளிக்கிடேக்க கிளப்பி, கையால பிரிச்சு, வேரோட இருக்கிற ஓரத்துத் துண்டுகளைத் திரும்ப நடுங்கோ. கத்தி வேண்டாம், தானாப் பிரியும். விதையும் ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் எடுத்து வையுங்கோ.

---

கோவைலருந்து | மார்ச் 11, காலை 10.10

அந்த நீல ஜென்ஷியன் பத்தியும் சொல்லுங்கண்ணா, அதோட நீலம் இருக்கே, போட்டோல வரவே மாட்டேங்குது. பால்கனில வெக்கலாங்களா?

---

கல்லுமணல் | மார்ச் 11, இரவு 9.00

வைக்கலாம் ஆனா அது வேற இழைக்குரிய கதை. தண்டு குட்டையான நீல ஜென்ஷியன் ரெண்டு இருக்கு, பாத்தால் ஒண்டு போல, ஒண்டு சுண்ணாம்பு மண் கேக்கும், குளூசியி எண்டுறது, மற்றது அகௌலிஸ், சுண்ணாம்பு இல்லாத மண் கேக்கும். எடல்வைஸை விட ஈரமும் கேக்கும். எல்லாம் சரியாச் செய்தாலும் சில வருசம் பூக்கும், சில வருசம் பேசாமல் இருக்கும், ஏனெண்டு கேட்டால் என்ர பழைய முதலாளியும் தோளைத்தான் குலுக்குவார். ஜென்ஷியன் சாராயப் போத்தலில நீலப் பூப் படம் போட்டிருக்கும், அதை நம்பாதேங்கோ, சாராயம் காய்ச்சுறது ஆள் உயரத்துக்கு வளருற மஞ்சள் ஜென்ஷியன் வேரில.

---

தூன்_பால்கனி | ஏப்ரல் 19, மாலை 7.30

வந்திட்டுது!! நேரா போட்ட சாடியில 17 நாளில 30க்கு மேல, ஃபிரிட்ஜ் சாடி இன்னும் வெளிய எடுக்கவே இல்லை. பச்சைப் புள்ளி மாதிரி, கண்ணாடி போட்டுத்தான் எண்ணினன். மகள் ஒவ்வொண்டுக்கும் பேர் வைக்கிறாள்.

---

கல்லுமணல் | ஏப்ரல் 20, காலை 6.55

சந்தோசம். பேர் வைக்கிறதைக் கொஞ்சம் பிந்திச் செய்யச் சொல்லுங்கோ, அரைவாசி மிஞ்சும். வெளிய வச்ச பிறகு நத்தையைப் பாருங்கோ, பெரிய கண்டைத் தொடாது, குஞ்சுக் கண்டை ஒரு ராவில முடிக்கும். மூண்டாம் மாடிக்கு எப்பிடி வரும் எண்டு கேக்காதேங்கோ, வரும், கடையில வேண்டுற சலாதுக் கண்டோட வரும்.

---

தூன்_பால்கனி | ஜனவரி 14, இரவு 8.22

அண்ணை திரும்ப வந்திருக்கிறன். 9 கண்டு மிஞ்சினது. எல்லாம் வெளியில, மூடேல்லை. இப்ப பாத்தால் அதே கதை, சாம்பலாக் காய்ஞ்சு பழைய துணி மாதிரி. எறியேல்லை. ஆனா பயமா இருக்கு. 9ம் செத்ததோ?

---

கல்லுமணல் | ஜனவரி 14, இரவு 9.10

ஒரு கண்டில காய்ஞ்ச இலையை மெதுவா விரலால விலத்தி, மண்ணோட ஒட்டின நடுவைப் பாருங்கோ. அரிசி அளவில இறுக்கமா, பச்சையும் வெள்ளையுமா ஒரு மொட்டு இருக்கோ? இருந்தால் பழையபடி மூடிவிட்டுப் போங்கோ. காய்ஞ்ச இலையை வெட்டாதேங்கோ, அது தான் அதின்ர கம்பளி, மார்ச் மாசம் வெட்டலாம். கூரைக்குக் கீழ இருக்கிறதால மாசத்தில ஒருக்கா, உறையாத நாளாப் பாத்து அரைக் கிளாஸ் தண்ணி.

---

தூன்_பால்கனி | ஜனவரி 14, இரவு 9.31

இருக்கு!!! 7ல இருக்கு. ரெண்டில தெரியேல்லை. முதல் முறை நான் எறிஞ்சதிலயும் இது இருந்திருக்குமோ எண்டு யோசிக்க ஏலாமல் இருக்கு.

---

தூன்_பால்கனி | ஜூன் 28, மாலை 6.05

படம் போட்டிருக்கிறன் பாருங்கோ. 7ல 4 பூத்திருக்கு. உயரம் ஒரு சாண் கூட இல்லை. கம்பியோரம் முழு வெயிலில இருக்கிற மூண்டும் நல்ல வெள்ளை, சுவரோரம் நிழலில இருந்தது கொஞ்சம் பச்சை ஓடி நீட்டா வந்திருக்கு, நீங்கள் சொன்னது அப்பிடியே. இலையான் வந்து குந்துறதையும் பாத்தம், மகள் அதைத்தான் பள்ளிக்கூடத்தில போய்ச் சொல்லியிருக்கிறாள், ரீச்சர் நம்பேல்லையாம்.

ஊரில இருந்து அம்மா வந்து நிக்கிறா. ரெண்டு நாளாப் பாத்திட்டு, "உதுக்கோ பிள்ளை இவ்வளவு பாடுபட்டனி, பஞ்சில செய்து ஒட்டின மாதிரிக் கிடக்கு, மணமும் இல்லை, பேசாமல் ஒரு நித்தியகல்யாணி வச்சிருக்கலாம்" எண்டுறா.

---

சும்மா_வாசகன் | ஜூன் 28, மாலை 6.20

அம்மாவுக்கு என்ர ஓட்டு.

---

வாலிஸ்_வண்டு | ஜூன் 28, இரவு 7.45

அக்கா வடிவு! எங்கட வயலில இருந்ததை விடத் திறம். மஞ்சள் உருண்டை காய்ஞ்சு பஞ்சு மாதிரி விரியத் தொடங்கேக்க விதை எடுங்கோ, ஒரு நாள் பிந்தினாலும் காத்தோட போயிடும்.

---

கல்லுமணல் | ஜூன் 28, இரவு 8.30

மிச்சம் நல்லா வந்திருக்கு தங்கச்சி. படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். இடப்பக்கக் கடைசிச் சாடிக்குக் கீழ நீலமா ஒண்டு தெரியுது, அது என்ன, தட்டோ?

---

தூன்_பால்கனி | ஜூன் 28, இரவு 8.41

அம்மா வச்சது அண்ணை. எடுத்திட்டன்.